இட்லி வருகிறது, தோசை வரவில்லை: ஸ்டாட்டிக் ஃபைல் பாதைகள் பற்றி ஒரு பதில்

நீங்கள் கேட்டிருப்பதை முதலில் சுருக்கிவிடுகிறேன், பின்னால் படிக்க வருகிறவர்களுக்கும் உதவும். பெங்களூர் அல்சூரில் உங்கள் மாமா நடத்தும் மெஸ்ஸுக்காக, பைதானில் வலைத்தளம் எழுத உதவும் ஜாங்கோவில் ஒரு தளம் செய்திருக்கிறீர்கள். மேக் லேப்டாப்பில் எல்லாம் ஒழுங்காக வருகிறது. வாடகைக்கு எடுத்த உபுண்டு சர்வரில் என்ஜின்எக்ஸ் (பிரவுசர் கேட்பதை முதலில் வாங்கும் வெப் சர்வர்), குனிகார்ன் (ஜாங்கோவை ஓட்டும் செயலி) போட்டு ஏற்றியதும் சிஎஸ்எஸ், அதாவது பக்கத்தின் அலங்காரம் எழுதியிருக்கும் ஃபைல், காணாமல் போய்விட்டது. பக்கத்தின் அச்சான டெம்ப்ளேட்டுக்குள் ‘டீபக் (சோதனை நிலை) என்றால் இந்தப் பாதை, இல்லையென்றால் ஸ்டாட்டிக்ஃபைல்ஸ்/சிஎஸ்எஸ்/ஸ்டைல்.சிஎஸ்எஸ்’ என்று ஒரு இஃப் போட்டதும் முகப்புப் பக்கம் சரியாகிவிட்டது. மெனு பக்கம் மட்டும் இன்னும் மொட்டையாக நிற்கிறது. முகப்பில் இருக்கும் படங்களிலும் இட்லி, வடை, பூரி வருகின்றன. பொங்கல், தோசை, போண்டா வரவில்லை. ‘இந்த இரண்டு பாதைகளையும் எப்படிப் பராமரிப்பது?’ என்று முடித்திருக்கிறீர்கள். உண்மையில் உங்களுக்குத் தேவைப்படுவது இரண்டு பாதைகளைப் பராமரிக்கும் வழி இல்லை. ஒரே டெம்ப்ளேட் ஒரு வரிகூட மாறாமல் இரண்டு இடத்திலும் ஓடுவதற்கான வழி. அதற்குத்தான் பதில் எழுதுகிறேன். தோசை விவகாரம் தனி, அதற்குப் பின்னால் வருகிறேன்.

பெங்களூரில் சர்வர் பராமரிப்பு வேலையிலேயே என் காலம் போய்க்கொண்டிருக்கிறது. புதிதாக வேலைக்கு வருகிறவர்களிடம் நான் தவறாமல் கேட்கும் கேள்வியும் ஏறத்தாழ உங்களுடையதுதான்: ஒரு பக்கம் வருகிறது, அதன் சிஎஸ்எஸ் வரவில்லை, முதலில் எதைப் பார்ப்பாய்? பெரும்பாலோர் ‘ஃபோல்டர் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பேன்’ என்பார்கள். எந்த ஃபோல்டர், யார் பார்க்கும் ஃபோல்டர் என்று அடுத்து கேட்டால் அங்கேயே நின்றுவிடும். இதில் இரண்டு தனித்தனி விஷயங்கள் இருக்கின்றன. பிரவுசர் கேட்கும் முகவரி ஒன்று. சர்வரின் டிஸ்கில் ஃபைல் கிடக்கும் இடம் இன்னொன்று. உங்கள் மாமாவின் மெஸ்ஸில் பலகையில் எழுதியிருக்கும் பலகாரப் பெயரும், சமையலறையில் அந்தப் பாத்திரம் இருக்கும் அலமாரியும் வேறு வேறாக இருப்பதுபோல. சாப்பிட வந்தவருக்கு அலமாரி எங்கே என்று தெரிய வேண்டியதில்லை. டெம்ப்ளேட்டில் நீங்கள் போட்ட இஃப், அலமாரி எண்ணைப் பலகையில் எழுதிவிட்டது.

லேப்டாப்பில் ஏன் இந்தச் சிக்கல் வரவில்லை என்றால், அங்கே ஜாங்கோவோடு வரும் சோதனை சர்வரான ரன்சர்வர் சத்தமில்லாமல் ஒரு வேலை செய்துகொண்டிருக்கிறது. டீபக் ட்ரூ ஆக இருக்கும்வரை, ஸ்டாட்டிக் முகவரியில் (சிஎஸ்எஸ், படம் மாதிரி மாறாமல் அப்படியே அனுப்பும் ஃபைல்களுக்கான முகவரி) எது கேட்டாலும் ஒவ்வொரு ஆப்புக்குள்ளும் இருக்கும் ஸ்டாட்டிக் ஃபோல்டரையும் நீங்கள் தனியாகச் சொன்ன ஃபோல்டர்களையும் தேடிப் பார்த்து ஃபைலை எடுத்துக் கொடுக்கும். டீபக்கை ஃபால்ஸ் ஆக்கினால் அந்த வேலையை நிறுத்திவிடும். ஜாங்கோவை எழுதியவர்கள் வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறார்கள், அது பிழை இல்லை. ஃபைல் பரிமாறுவது பைதான் செயலியின் வேலை இல்லை, அதற்கென்றே இருக்கும் சர்வர் செய்யட்டும் என்பது அவர்கள் எண்ணம். ரன்சர்வர் கட்டளையோடு ‘இன்செக்யூர்’ (பாதுகாப்பற்றது) என்று ஒரு கொடி, அதாவது கூடுதல் குறிப்பு, கொடுத்தால் டீபக் இல்லாமலும் பரிமாறும் என்று யாராவது சொல்வார்கள். பெயரிலேயே எச்சரிக்கை இருக்கிறது, அதை லேப்டாப்போடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஆக, சர்வரில் அந்த வேலையை வேறு யாரிடமாவது ஒப்படைக்க வேண்டும். ஜாங்கோவின் செட்டிங்ஸில் இதற்கு மூன்று வரிகள் இருக்கின்றன. மூன்றுக்கும் பெயர் ஒன்றுபோல இருப்பதால் எல்லோரும் குழம்புகிறார்கள். ஸ்டாட்டிக் யூஆர்எல் என்பது முகவரி மட்டும். பிரவுசர் பார்ப்பது அதைத்தான், டிஸ்குக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ஸ்டாட்டிக்ஃபைல்ஸ் டிர்ஸ் என்பது நீங்கள் கையால் எழுதிய சிஎஸ்எஸ், படங்கள் இருக்கும் மூல ஃபோல்டர்களின் பட்டியல். ஸ்டாட்டிக் ரூட் என்பது கலெக்ட்ஸ்டாட்டிக் கட்டளை எல்லாவற்றையும் திரட்டிக்கொண்டுபோய்க் கொட்டும் இடம். கடைசியில் சொன்னதுக்குள் கையால் எதையும் வைக்கக் கூடாது, திருத்தக் கூடாது, கோடின் பதிப்புகளைச் சேமிக்கும் கிட்டிலும் ஏற்றக் கூடாது. எப்போது வேண்டுமானாலும் அழித்துவிட்டு மறுபடி உண்டாக்கக்கூடிய ஃபோல்டர் அது. மூல ஃபோல்டரையும் திரட்டும் ஃபோல்டரையும் ஒன்றாகவே வைத்தால் ஜாங்கோ பிழை காட்டி நின்றுவிடும். அந்தப் பிழையைப் பார்த்துவிட்டு மூலப் பட்டியலையே அழித்துவிடுகிறவர்கள் உண்டு. அப்புறம் லோக்கலிலும், அதாவது லேப்டாப்பிலும், வராது.

டெம்ப்ளேட்டில் எழுத வேண்டியது ஸ்டாட்டிக் என்ற டேக் ஒன்றுதான். அதற்குள் ‘சிஎஸ்எஸ்/ஸ்டைல்.சிஎஸ்எஸ்’ என்று மூல ஃபோல்டருக்குள் இருக்கும் பெயரைக் கொடுங்கள். முன்னால் எந்த முகவரி ஒட்ட வேண்டும் என்பதை அது செட்டிங்ஸைப் பார்த்துத் தீர்மானித்துக்கொள்ளும். நாளைக்கே படங்களை வேறு டொமைனுக்கு மாற்றினாலும் செட்டிங்ஸில் ஒரு வரியை மாற்றினால் போதும். இஃப் போட்டிருந்தால் எத்தனை டெம்ப்ளேட் இருக்கிறதோ அத்தனையிலும் கை வைக்க வேண்டும். அதைவிட மோசமான விளைவு ஒன்று உண்டு. சர்வருக்கான கிளை உங்கள் லேப்டாப்பில் ஒருமுறைகூட ஓடாது. ஓடிப் பார்க்காத ஒரு வரி நேராக வாடிக்கையாளர் முன்னால்தான் முதல்முறை ஓடும்.

இப்போது உங்கள் மெனு பக்கம். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சர்வருக்கான கிளையில் நீங்கள் எழுதிய பாதை சாய்கோட்டில் தொடங்கவில்லை. அப்படித் தொடங்காத முகவரியை, இப்போது திறந்திருக்கும் பக்கத்தின் முகவரியோடு சேர்த்துத்தான் பிரவுசர் படிக்கும். முகப்பு தளத்தின் வேரில் இருப்பதால் அங்கே தற்செயலாகப் பொருந்திவிட்டது. மெனு பக்கத்தின் முகவரி /மெனு/ என்று இருந்தால், பிரவுசர் கேட்பது /மெனு/ஸ்டாட்டிக்ஃபைல்ஸ்/சிஎஸ்எஸ்/ஸ்டைல்.சிஎஸ்எஸ். அப்படி ஒரு முகவரியை என்ஜின்எக்ஸுக்கும் தெரியாது, ஜாங்கோவுக்கும் தெரியாது, ‘இல்லை’ என்று பொருள்படும் 404 வருகிறது. ஸ்டாட்டிக் டேக்குக்கு மாறினால் இது தானாகத் தீரும். இதோடு சேர்த்து ஒன்று: சிஎஸ்எஸ் ஃபைலுக்குள் பின்னணிப் படத்துக்கோ எழுத்துருவுக்கோ கொடுக்கும் பாதை, பக்கத்தை வைத்துக் கணக்கிடப்படாது, அந்த சிஎஸ்எஸ் ஃபைல் இருக்கும் இடத்தை வைத்துக் கணக்கிடப்படும். அதனால் அங்கே சாய்கோடு இல்லாத பாதைதான் நல்லது. சிஎஸ்எஸ்ஸும் படங்களும் ஒன்றாக இடம் மாறும்போது அது உடையாது. ஜாவாஸ்கிரிப்டில் ஃபெட்ச் செய்யும் பாதை மறுபடி பக்கத்தை வைத்துத்தான். எதனால் இப்படி என்று கேட்காதீர்கள், மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

அடுத்தது என்ஜின்எக்ஸ். உங்கள் கான்ஃபிக்கை நீங்கள் போடவில்லை, அதனால் இங்கே பொதுவாகத்தான் சொல்ல முடியும். முகப்பில் சிஎஸ்எஸ் வருகிறது என்பதை வைத்துப் பார்த்தால் என்ஜின்எக்ஸ் ஏதோ ஒரு ஃபோல்டரைச் சரியாகத்தான் படிக்கிறது. ஆனால் நீங்கள் முகவரியை /ஸ்டாட்டிக்/ என்று மாற்றிய அடுத்த நிமிடம் அது உடையப் போகிறது, அதனால் இதைச் சொல்லிவிடுகிறேன். எந்த முகவரிக்கு எந்த ஃபோல்டர் என்று சொல்லும் லொகேஷன் பிளாக்குக்குள் ரூட் என்று எழுதுவதற்கும் ஏலியஸ் என்று எழுதுவதற்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறது. ரூட் என்றால், நீங்கள் கொடுத்த ஃபோல்டரின் பின்னால் முழு முகவரியையும் ஒட்டித் தேடும். ஏலியஸ் என்றால், முகவரியில் லொகேஷனோடு பொருந்திய முன்பகுதியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஃபோல்டரை வைத்துத் தேடும். ஃபைல்கள் /எஸ்ஆர்வி/மெஸ்/ஸ்டாட்டிக்ஃபைல்ஸ்/ என்ற இடத்தில் இருக்கின்றன, முகவரி /ஸ்டாட்டிக்/ என்று வைத்துக்கொள்வோம். இங்கே ரூட் என்று எழுதி அந்த ஃபோல்டரைக் கொடுத்தால், அது /எஸ்ஆர்வி/மெஸ்/ஸ்டாட்டிக்ஃபைல்ஸ்/ஸ்டாட்டிக்/ என்று இல்லாத ஃபோல்டருக்குள் போய்த் தேடும். உங்களுக்கு வேண்டியது ஏலியஸ். ஏலியஸ் எழுதும்போது லொகேஷனின் முடிவிலும் ஃபோல்டரின் முடிவிலும் சாய்கோடு இருக்கட்டும். லொகேஷனில் மட்டும் அதை விட்டுவிட்டால், ஸ்டாட்டிக் என்ற சொல்லுக்குப் பின்னால் இரண்டு புள்ளியும் சாய்கோடும் போட்டுக் கேட்கிற எவரும் ஒரு படி மேலே ஏறி உங்கள் செட்டிங்ஸ் ஃபைலையே எடுத்துக்கொண்டு போகலாம். தெரிந்த ஓட்டை அது, தேடிக்கொண்டு அலைகிறவர்களும் இருக்கிறார்கள்.

இதிலெல்லாம் ஊகிக்க வேண்டிய அவசியமே இல்லை. என்ஜின்எக்ஸின் எரர் லாகில், அது டிஸ்கில் எந்த முழுப் பாதையைத் திறக்கப் பார்த்துத் தோற்றது என்று அப்படியே எழுதியிருக்கும். அந்த ஒரு வரியைப் படித்தால் பாதி வேலை முடிந்தது. வரியில் 2 என்ற எண்ணோடு ‘அப்படி ஒரு ஃபைல் இல்லை’ என்று இருந்தால் பாதை தவறு. 13 என்ற எண்ணோடு ‘அனுமதி மறுப்பு’ என்று இருந்தால் பாதை சரி, பர்மிஷன் தவறு. பிரவுசரில் இது 403 ஆகத் தெரியும். பர்மிஷன் சிக்கல் உங்களுக்கு இல்லை, இருந்திருந்தால் முகப்பிலும் எதுவும் வந்திருக்காது. ஆனால் இதே கேள்வியோடு இங்கே வருகிற பலருக்கு அதுதான் நோய். உபுண்டு 21.04 முதல் ஒவ்வொரு பயனரின் ஹோம் ஃபோல்டரும் 750 என்ற அனுமதியோடு உருவாகிறது, அதாவது வெளியார் உள்ளே நுழைய முடியாது. என்ஜின்எக்ஸ் ஓடுவதோ வேறொரு பயனரின் பெயரில். ஃபைலுக்கு மட்டும் அனுமதி கொடுத்தால் போதாது, அதற்கு மேலே இருக்கும் ஒவ்வொரு ஃபோல்டரிலும் நுழையும் அனுமதி வேண்டும். நேம்ஐ என்ற கட்டளைக்கு எல் கொடி போட்டு ஓட்டினால் வேரிலிருந்து ஃபைல்வரை ஒவ்வொரு படியின் அனுமதியையும் வரிசையாகக் காட்டும். தயவுசெய்து எல்லோருக்கும் எல்லா அனுமதியும் தரும் 777 போடாதீர்கள். ப்ராஜெக்டை ஹோமை விட்டு வெளியே, எஸ்ஆர்வி மாதிரி ஓரிடத்தில் வைத்துவிட்டால் இந்தத் தலைவலி முடிந்தது.

எங்கிருந்தோ எடுத்து ஒட்டும் கேஷிங் துண்டு (பிரவுசரை ஃபைலைச் சேமித்து வைக்கச் சொல்லும் வரிகள்) ஒன்று இருக்கிறது, அதையும் கவனியுங்கள். ‘ஜேபிஜி, பிஎன்ஜி, சிஎஸ்எஸ் என்று முடியும் எதுவானாலும் 30 நாள் வைத்துக்கொள்’ என்கிற ரெஜெக்ஸ் (எழுத்து வடிவத்தை வைத்துப் பொருத்தும் விதி) லொகேஷன். என்ஜின்எக்ஸில் ரெஜெக்ஸ் லொகேஷனுக்குச் சாதாரண முன்னொட்டு லொகேஷனைவிட முன்னுரிமை உண்டு. அந்தத் துண்டுக்குள் ஃபோல்டர் எதுவும் சொல்லாமல் விட்டிருந்தால், உங்கள் ஏலியஸ் எவ்வளவு சரியாக இருந்தாலும் அந்த வரிக்கு வேலையே வராது.

டீபக் இல்லாமல் லோக்கலில் ஓட்டிப் பாருங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வேன். டீபக்கை ஃபால்ஸ் ஆக்கி, தளம் எந்தப் பெயர்களில் திறக்கலாம் என்ற பட்டியலான அலவுட் ஹோஸ்ட்ஸில் லோக்கல்ஹோஸ்டைச் சேர்த்து (சேர்க்காவிட்டால் 400 வரும்), கலெக்ட்ஸ்டாட்டிக் ஓட்டி, குனிகார்னை லேப்டாப்பிலேயே ஓடவிடுங்கள். சர்வரில் உடையப் போவதில் பெரும்பகுதி இங்கேயே உடைந்துவிடும். இதைச் சுலபமாக்க ஒயிட்நாய்ஸ் என்ற மிடில்வேர் (பிரவுசர் கேட்பது ஜாங்கோவுக்குள் போகும் வழியில் நிற்கும் துண்டு) இருக்கிறது. செக்யூரிட்டி மிடில்வேருக்கு அடுத்தபடியாக அதைச் சேர்த்தால், ஜாங்கோ செயலியே ஸ்டாட்டிக் ஃபைல்களைப் பரிமாறும். என்ஜின்எக்ஸ் வெறுமனே எல்லாவற்றையும் பின்னால் தள்ளினால் போதும். பைதான் ஃபைல் பரிமாறுவது பாவம் என்று நினைக்கும் நண்பர்கள் எனக்கும் உண்டு. ஆனால் மதியச் சாப்பாட்டு நேரத்தில் மெனு பார்க்க வரும் கூட்டத்துக்கு இது தாராளம் என்பது என் கருத்து. லோக்கலிலும் சர்வரிலும் ஒரே ஆள் பரிமாறுகிறார் என்பது எனக்கு வேகத்தைவிடப் பெரிய ஆதாயமாகப் படுகிறது. ஒயிட்நாய்ஸ் சர்வரில் தொடங்கும்போதே ஃபைல்களைப் பார்த்து வைத்துக்கொள்ளும், அதனால் பின்னால் பயனர்கள் ஏற்றும் படங்களுக்கு அதைப் பயன்படுத்தக் கூடாது. அவை மீடியா என்ற வேறு ஜாதி, அவற்றுக்கு வேறு ஃபோல்டர், வேறு முகவரி. இரண்டையும் ஒரே ஃபோல்டரில் போட்டால், என்றைக்காவது ஒருநாள் டெப்லாய் செய்யும்போது மாமா ஏற்றிய படங்களையும் சேர்த்து அழிப்பீர்கள்.

டாக்கரில் ஓட்டுகிறவர்களுக்கு ஒரு வரி. ஆப்புக்கும் என்ஜின்எக்ஸுக்கும் நடுவே ஸ்டாட்டிக் ஃபோல்டரைப் பெயரிட்ட வால்யூமாகப் பகிர்ந்தால், வால்யூம் காலியாக இருக்கும் முதல் தடவை மட்டுமே இமேஜில் உள்ள ஃபைல்கள் அதற்குள் நகலாகும். அடுத்த இமேஜில் புது சிஎஸ்எஸ் இருந்தாலும் பழையதே பரிமாறப்படும். கன்டெய்னர் தொடங்கும்போது கலெக்ட்ஸ்டாட்டிக்கை ஓட்டுங்கள், அல்லது வால்யூமே வேண்டாம்.

கேஷ் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் பாதை சரியாகி ஒரு வாரத்தில் அடுத்து வரப்போகும் புகார் ‘மாற்றினேன், மாறவில்லை’ என்பது. ஜாங்கோ 1.7ல், அதாவது 2014ல், மேனிஃபெஸ்ட் ஸ்டாட்டிக்ஃபைல்ஸ் ஸ்டோரேஜ் என்று ஒன்று வந்தது. கலெக்ட்ஸ்டாட்டிக் ஓடும்போது ஒவ்வொரு ஃபைலின் உள்ளடக்கத்திலிருந்தும் 12 எழுத்துகள் கொண்ட ஓர் அடையாளத்தைக் கணக்கிட்டுப் பெயரோடு சேர்த்துவிடும். எந்தப் பெயர் எதுவாக மாறியது என்று ஒரு ஜேசன் ஃபைலில் எழுதி வைத்துக்கொள்ளும். உள்ளடக்கம் மாறினால் பெயரே மாறும். அதனால் பிரவுசரிடம் ‘ஒரு வருஷம் வைத்துக்கொள், திரும்பக் கேட்காதே’ என்று தைரியமாகச் சொல்லலாம். இதன் இன்னொரு குணம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். டெம்ப்ளேட்டில் நீங்கள் கேட்கும் பெயர் அந்தப் பட்டியலில் இல்லையென்றால், உடைந்த படத்தோடு பக்கத்தைக் காட்டிச் சமாளிக்காது, 500 போட்டுக் கத்தும். முதல்முறை பார்க்கும்போது எரிச்சலாக இருக்கும். உங்கள் தோசைப் படம் மட்டும் இந்த முறையில் போயிருந்தால், டெப்லாய் செய்த அன்றே தெரிந்திருக்கும். பழைய கட்டுரைகளைப் பார்த்துச் செய்கிறவர்கள் கவனிக்க: இதை அமைக்கும் வரி 2023ல் வந்த 4.2 பதிப்பில் ஸ்டோரேஜஸ் என்ற டிக்‌ஷனரிக்குள் போய்விட்டது. 5.1ல் பழைய வரியை எடுத்தே விட்டார்கள். டிக்‌ஷனரியை நீங்கள் எழுதும்போது ஸ்டாட்டிக்ஃபைல்ஸ் என்ற பகுதியை மட்டும் எழுதி, டிஃபால்ட் என்ற பகுதியை விட்டுவிட்டால் மீடியா ஏற்றும்போது மாட்டிக்கொள்வீர்கள்.

சரி, தோசைக்கு வருவோம்.

உங்கள் பட்டியலைப் படித்ததும் எனக்குத் தோன்றியது என்ஜின்எக்ஸோ ஜாங்கோவோ இல்லை. வருகிற பெயர்கள் இட்லி, வடை, பூரி. வராதவை பொங்கல், தோசை, போண்டா. வராத மூன்றிலும் ஒகரக் குறியோ ஓகாரக் குறியோ இருக்கிறது, வருகிற மூன்றிலும் இல்லை. ஃபைல்களுக்குத் தமிழிலேயே பெயர் வைத்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். யூனிகோடில் ‘பொ’ என்பதில் வரும் குறியை இரண்டு விதமாக எழுதலாம். ஒற்றைக் குறியாக ஒரு விதம். முன்னால் ஒற்றைக் கொம்பு, பின்னால் கால் என்று இரண்டு குறிகளாக இன்னொரு விதம். இரண்டும் சமம் என்றே யூனிகோடு சொல்கிறது, திரையிலும் ஒரு புள்ளிகூட வித்தியாசம் தெரியாது. பைட்டாகப் பார்த்தால் முதல் விதத்துக்கு 3, இரண்டாவதற்கு 6. மேக்கின் ஃபைல் சிஸ்டம் இந்த இரண்டையும் ஒன்றாகவே பாவிக்கும், எந்த விதத்தில் கேட்டாலும் கண்டுபிடித்துக் கொடுத்துவிடும். லினக்ஸ் அப்படி இல்லை. அதற்குப் பெயர் என்பது வெறும் பைட் வரிசை. ஒரு பைட் மாறினாலும் வேறு ஃபைல்தான். மேக்கின் பழைய ஃபைல் சிஸ்டமான எச்எஃப்எஸ் பிளஸ் எல்லாப் பெயரையும் பிரித்தே சேமித்து வைத்தது. 2017ல் வந்த ஏபிஎஃப்எஸ் கொடுத்தபடியே வைத்துக்கொள்கிறது. ஆகவே ஃபைல் எங்கே பிறந்தது, எந்த மென்பொருள் வழியாக வந்தது என்பதைப் பொறுத்துப் பெயர் எந்த விதத்திலும் இருக்கலாம். ஜிப் செய்தோ எஸ்சிபி மூலமோ சர்வருக்கு அனுப்பினால் இருக்கிற பைட்டோடு அப்படியே போகும். மேக்கில் கிட் வழியாகப் போனால் பெரும்பாலும் ஒற்றைக் குறிக்கு மாற்றிவிடும். மெனுவைக் கன்னடத்திலும் வைக்கப் போகிறீர்கள் என்றால், பெங்களூரில் வைக்காமல் எப்படி, அங்கேயும் தோசைக்கு இதே கதைதான். கன்னடத்தின் ஒகர, ஓகாரக் குறிகளும் இதுபோலப் பிரியக்கூடியவை.

இது நான் போடும் கணக்கு, நேரில் பார்த்தது இல்லை. ஆறு பெயர்களில் ஆறும் பொருந்துவதால் பலமான சந்தேகம் என்று மட்டும் சொல்வேன். இதற்கு அடுத்த சந்தேகம் ஆங்கிலப் பெயர்களில் பெரிய எழுத்து, சின்ன எழுத்துக் குழப்பம். மேக்கும் விண்டோஸும் வழக்கமாக அந்த வித்தியாசத்தைப் பார்க்காது, லினக்ஸ் பார்க்கும். லேப்டாப்பில் வந்து சர்வரில் ‘சில படங்கள் மட்டும்’ வராமல் போவதற்கு மிகப் பொதுவான காரணம் அதுதான். உங்கள் ஃபைல் பெயர்கள் ஆங்கிலத்தில் இருந்தால் நான் இதுவரை கொம்பையும் காலையும் வைத்துச் சொன்னதை மறந்துவிட்டு அதைப் பாருங்கள்.

மருந்து எளிது. ஃபைல் பெயர்களைச் சின்ன ஆங்கில எழுத்திலும் நடுவில் கோடும் போட்டு வையுங்கள். சாப்பாட்டின் தமிழ்ப் பெயர் டேட்டாபேஸிலும் பக்கத்திலும் படத்தின் ஆல்ட் உரையிலும் இருக்கட்டும், கூகுள் படிப்பதும் கண் தெரியாதவரின் மென்பொருள் வாசிப்பதும் அதைத்தான். தமிழில் பெயர் வைப்பது குற்றம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் யூடிஎஃப் 8ல் 3 பைட் போகிறது, முகவரியில் அது சதவீதக் குறியோடு 9 எழுத்தாக விரிகிறது. ‘பொங்கல்’ என்ற ஒரு சொல் 63 எழுத்து நீள முகவரியாகும். வாட்ஸாப்பில் யாருக்காவது அனுப்பிப் பாருங்கள். லினக்ஸில் ஃபைல் பெயரின் உச்சவரம்பு பொதுவாக 255 பைட், அதாவது தமிழில் 85 குறிகள். நீளமான தலைப்பைப் பெயராக வைத்தால் அதுவும் இடிக்கும். பெயரை மாற்றவே முடியாத நிலையில், கான்வ்எம்வி என்ற கருவி சர்வரிலேயே எல்லாப் பெயர்களையும் ஒற்றைக் குறி வடிவத்துக்கு மாற்றித் தரும். முதலில் வெறும் ஒத்திகையாகத்தான் ஓடும், ‘நோடெஸ்ட்’ கொடி கொடுத்தால்தான் நிஜமாக மாற்றும்.

மாமாவே நாளைக்கு அட்மின் பக்கத்திலிருந்து படம் ஏற்றப் போகிறார் என்றால் இன்னொன்றும் தெரிந்திருக்கட்டும். ஏற்றும் ஃபைலின் பெயரை ஜாங்கோ சுத்தம் செய்யும். எழுத்து, எண், கோடு, புள்ளி தவிர மற்றதை நீக்கும். பைதானின் ரெஜெக்ஸ் கணக்கில் நம் உயிர்க்குறிகளும் மெய்யெழுத்தின் தலையில் வரும் புள்ளியும் ‘எழுத்து’ இல்லை. ‘பொங்கல்’ என்று ஏற்றினால் ‘பஙகல’ என்று சேமிக்கும். படம் வரும், பெயர்தான் பல் போன கிழவர் பேசுவதுபோல ஆகிவிடும். அந்த இமேஜ் ஃபீல்டின் அப்லோட்டு டூ என்ற இடத்தில் ஒரு சின்ன ஃபங்ஷனைக் கொடுத்து, பெயரை நீங்களே உருவாக்கிவிடுங்கள். மாமா எந்தப் பெயரில் ஏற்றினாலும் கவலை இல்லை.

வேறு ஃப்ரேம்வொர்க்கில் இருக்கிறவர்களுக்கும் அடிப்படை இதுவேதான். ஃப்ளாஸ்கில் யூஆர்எல் ஃபார், லாராவெலில் அசெட், வீட் என்ற பில்ட் கருவியில் பேஸ் என்று பெயர்கள் மாறும். நோடில் எக்ஸ்பிரஸ் ஸ்டாட்டிக்குக்கு வெறுமனே ‘பப்ளிக்’ என்று கொடுத்தால், ப்ராஸஸ் தொடங்கிய ஃபோல்டரிலிருந்து தேடும். சிஸ்டம்டி சர்வீஸாக ஓட்டும்போது அந்தத் தொடக்க ஃபோல்டர் வழக்கமாக டிஸ்கின் வேர். அங்கே முழுப் பாதையைக் கணக்கிட்டுக் கொடுங்கள். ரியாக்ட் மாதிரி ஒற்றைப் பக்க ஆப்புகளில் ஜாவாஸ்கிரிப்ட் ஃபைல் 200 என்று வந்தும் ‘எதிர்பாராத சின்னம்’ என்று கன்சோல் கத்தினால், அந்த ஃபைல் கிடைக்காமல் அதற்குப் பதிலாக இண்டெக்ஸ் பக்கத்தை சர்வர் அனுப்பியிருக்கிறது என்று அர்த்தம். ஐஐஎஸ் சர்வரில் நான் வேலை செய்ததில்லை, அதைப் பற்றித் தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள்.

உங்களுக்கு இப்போது செய்ய வேண்டியது: இஃப்களை எடுத்துவிட்டு ஸ்டாட்டிக் டேக், கலெக்ட்ஸ்டாட்டிக், ஏலியஸ் அல்லது ஒயிட்நாய்ஸ். அதற்கு முன்னால், பெயர்களை மாற்றுவதற்கும் முன்னால், ஒரு சோதனை. சர்வரில் படங்கள் இருக்கும் ஃபோல்டருக்குப் போய் ‘த’வில் தொடங்கும் ஃபைலைப் பட்டியலிட்டு, அதை டபிள்யூசி என்ற எண்ணும் கட்டளைக்கு, பைட்டை எண்ணச் சொல்லும் சி கொடியோடு அனுப்புங்கள். தோசை.ஜேபிஜி (ஜேபிஜி மட்டும் ஆங்கில எழுத்தில்) மட்டும் இருந்தால் 17 அல்லது 20 வரும். 17 என்றால் ஒற்றைக் குறி, 20 என்றால் பிரிந்த குறி. அடுத்து பிரவுசரின் நெட்வொர்க் பகுதியில் அந்தப் படத்தின் முகவரியை நகலெடுத்து, கடைசிச் சாய்கோட்டுக்குப் பிறகு எத்தனை சதவீதக் குறிகள் என்று எண்ணுங்கள். 12 என்றால் ஒற்றை, 15 என்றால் பிரிந்தது. ஒரு பக்கம் ஒற்றையும் மறுபக்கம் பிரிந்ததுமாக வந்தால் நோய் இதுதான். இரண்டு பக்கமும் ஒரே விதமாக வந்தால் என் சந்தேகம் தவறு. அப்போது எரர் லாகில் தோசைக்கான அந்த ஒரு வரியையும், என்ஜின்எக்ஸ் கான்ஃபிக்கில் லொகேஷன் பகுதிகளையும் இங்கே போடுங்கள். செட்டிங்ஸ் ஃபைலைப் போடுவதானால் சீக்ரெட் கீயை அழித்துவிட்டுப் போடுங்கள்.